புதைப்பதா, எரிப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவர் கண்ணை மூடி ஒரு மணி நேரம் ஆவதற்குள் யாராவது வந்து கேட்டுவிடுவார்கள்: "எப்ப எடுக்கறீங்க? பொதைக்கிறதா, எரிக்கிறதா?" பல வீடுகளில் இதற்குப் பதில் தயாராக இருப்பதில்லை. பெரியப்பா ஒன்று சொல்வார், மாப்பிள்ளை இன்னொன்று சொல்வார், வெளியூரிலிருந்து வந்துகொண்டிருக்கும் மகன் போனில் மூன்றாவதாக ஒன்று சொல்வான். கடைசியில் யார் குரல் ஓங்குகிறதோ அவர் சொன்னது நடந்துவிடும். இறந்தவர் என்ன நினைத்திருந்தார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் வாழும் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். முடிந்தால் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே படித்துவிடுங்கள்.

இந்துக்கள் என்றால் எரிக்கத்தானே வேண்டும்?

அப்படி ஒரு கட்டாயம் சட்டத்திலும் இல்லை, நம் வழக்கத்திலும் இல்லை. ஆதிச்சநல்லூரிலும் கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையிலும் கிடைத்த முதுமக்கள் தாழிகள், இந்த மண்ணில் இறந்தவர்களை மண்ணுக்குள் வைக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்குச் சாட்சி. இன்றும் வீரசைவர்கள் புதைக்கிறார்கள். துறவிகளை எரிப்பதில்லை, சமாதி வைக்கிறார்கள். பல் முளைக்காத குழந்தையை எரிக்கும் வழக்கம் எந்த ஊரிலும் அநேகமாக இல்லை. இவை போக, தலைமுறை தலைமுறையாகப் புதைத்தே வரும் சமூகங்கள் தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. ஒரே சாதிக்குள்ளேயே ஒரு மாவட்டத்தில் எரிப்பார்கள், அடுத்த மாவட்டத்தில் புதைப்பார்கள்.

நம் தலைவர்களையே பாருங்கள். ராஜாஜியையும் (1972) காமராசரையும் (1975) எரியூட்டினோம். அண்ணா (1969), எம்.ஜி.ஆர். (1987), ஜெயலலிதா (2016), கருணாநிதி (2018) நால்வரும் மெரினாவில் மண்ணுக்குள் இருக்கிறார்கள். பெரியாரை 1973இல் சென்னை பெரியார் திடலில் அடக்கம் செய்தார்கள். ஐயங்கார் குடும்பத்தில் பிறந்த ஜெயலலிதாவைப் புதைக்கலாமா என்று அப்போது பலர் கேட்டார்கள். எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை.

அதனால் "நம்ம வழக்கம் இதுதான்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், உங்கள் தாத்தாவுக்கும் அவருடைய அப்பாவுக்கும் என்ன செய்தார்கள் என்று வீட்டில் மூத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல சமயம் வழக்கம் என்று நாம் நினைப்பது நகரத்துக்குக் குடிவந்த பிறகு மாறியதாக இருக்கும்.

முஸ்லிம் குடும்பங்களில்?

அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. அடக்கம் மட்டும்தான். மையித்தை (இறந்தவர் உடலை) குளிப்பாட்டி, ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து என்று உடலைச் சுற்றும் கஃபன் துணி இட்டு, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை முடித்து, சந்தூக்கில் (உடலைச் சுமக்கும் பெட்டியில்) தூக்கிப்போய் கபரில் (குழியில்) வலப்பக்கமாக கிப்லாவை, அதாவது மக்காவின் திசையை, நோக்கிக் கிடத்துவார்கள். ஜமாத்தில் சொல்லிவிட்டால் குழி வெட்டுவது முதல் எல்லாம் நடந்துவிடும். தாமதிக்காமல் அடக்க வேண்டும் என்பதால், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்வரை காத்திருப்பதா என்பதை மட்டும் முன்பே பேசி வைப்பது நல்லது.

கிறிஸ்தவர்கள் எரிக்கலாமா? பாதிரியார் வருவாரா?

கத்தோலிக்கத் திருச்சபை 1963இலேயே எரியூட்டலுக்கான தடையை விலக்கிவிட்டது. 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பும் அடக்கத்தையே பரிந்துரைக்கிறது என்றாலும், கிறிஸ்தவ நம்பிக்கையை மறுக்கும் நோக்கம் இல்லாதவரை எரிப்பதைத் தடுக்கவில்லை. சாம்பல் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். கடலில் தூவுவது, காற்றில் விடுவது, வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்வது கூடாது, புனிதப்படுத்திய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று வத்திக்கான் 2016இல் தெளிவாகச் சொன்னது. அதாவது எரித்தாலும் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிறிய இடம் தேவைப்படும். கல்லறைத் திருநாளான நவம்பர் 2ஆம் தேதி மெழுகுவர்த்தி ஏற்றப் போய் நிற்க அந்த இடம் உதவும்.

மற்ற சபைகளில் ஆயரை (சபைப் போதகரை) பொறுத்து அணுகுமுறை மாறும். அடக்க ஆராதனையை வீட்டிலோ ஆலயத்திலோ முடித்துக்கொண்டு தகனமேடைக்குப் போவதற்குச் சிலர் உடனே ஒத்துக்கொள்வார்கள், சிலர் தயங்குவார்கள். ஆள் உயிரோடு இருக்கும்போதே ஆயரிடம் பேசிவிடுங்கள். சாவு வீட்டில் வைத்து இந்த விவாதம் வேண்டாம்.

சென்னைக் கிறிஸ்தவர்களுக்கு இடம்தான் பெரிய கவலை. மெட்ராஸ் செமிட்ரீஸ் போர்டு டிரஸ்ட் பார்த்துக்கொள்ளும் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் இட நெருக்கடி பல ஆண்டுகளாக இருக்கிறது. ஏற்கெனவே குடும்பக் கல்லறை வைத்திருப்பவர்கள் அதையே திறந்து அடுத்தவரை வைக்கிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு அப்படி ஒரு கல்லறை இருந்தால் அதன் எண், யார் பெயரில் இருக்கிறது, கடைசியாக எந்த ஆண்டு திறந்தது, இந்த மூன்றையும் எழுதி வையுங்கள். ஒருமுறை மூடிய கல்லறையை மீண்டும் திறக்க இத்தனை காலம் ஆகியிருக்க வேண்டும் என்று விதி உண்டு. தேதி தெரியாமல் சாவன்று பழைய ரசீதைத் தேடி பீரோவைக் கவிழ்க்கும் வீடுகள் நிறைய.

கணவர் இந்து, மனைவி கிறிஸ்தவர். இரண்டு பக்கத்துச் சொந்தமும் சண்டை போடுகிறது. என்ன செய்வது?

இறந்தவர் எந்த நம்பிக்கையோடு வாழ்ந்தாரோ அதன்படி செய்யுங்கள். திருமணத்தின்போது எந்த மதத்துக்கு மாறினார், சான்றிதழில் என்ன இருக்கிறது என்பதைவிட, கடைசிப் பத்து வருடம் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார், நெற்றியில் என்ன வைத்தார் என்பது நேர்மையான அடையாளம்.

இரண்டு பக்கமும் பிடிவாதமாக நின்றால் ஒரு வழி இருக்கிறது. வீட்டில் ஒரு பக்கத்தார் ஜெபம் செய்யட்டும், இன்னொரு பக்கத்தார் நீர்மாலை எடுத்து வாய்க்கரிசி போடட்டும். பிறகு உடலை என்ன செய்வது என்பதை மட்டும் கணவனோ மனைவியோ முடிவு செய்யட்டும். அவர்கள் இல்லாவிட்டால் பிள்ளைகள். மச்சினனுக்கும் சித்தப்பாவுக்கும் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு, முடிவெடுக்கும் உரிமை கிடையாது. இதை அன்பாக, ஆனால் உரக்கச் சொல்லக்கூடிய ஒருவர் அன்று அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

இறந்தவர் சொல்லி வைத்தது சட்டப்படி செல்லுமா?

உயிலில் எழுதிய சொத்துப் பங்கீடு போல அவ்வளவு இறுக்கமாக இது செல்லாது. உடல் யாருக்கும் சொத்தல்ல என்பதால், அதைப் பற்றி எழுதியதைக் குடும்பத்தின் மீது கட்டாயமாகத் திணிப்பது கடினம். ஆனாலும் நீதிமன்றம் வரை போனால் இறந்தவரின் விருப்பத்துக்கு மதிப்பு இருக்கிறது.

அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கேரள மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் காலமானார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர வேண்டும் என்று அவர் சொல்லியிருந்ததாக மகன் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று மகள் நீதிமன்றம் போனார். லாரன்ஸ் கைப்பட எழுதி வைத்த தாள் எதுவும் இல்லை. சாட்சிகள் முன்னிலையில் அவர் வாய்மொழியாகச் சொன்னதை ஏற்றுக்கொண்டு, உடல் தானம் செல்லும் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அதுவரை உடல் மருத்துவக் கல்லூரியில் காத்துக் கிடந்தது. இரண்டு பேர் காதில் போட்டு வைப்பதன் அருமை இதில் தெரிகிறது. ஒரு தாளில் கையெழுத்தும் இருந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நீதிமன்ற வாசலே தேவைப்பட்டிருக்காது.

எரிவாயு தகனமேடையில் சரியாக என்னதான் நடக்கிறது? அம்மாவை அங்கே விடப் பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் பலருக்கு இருக்கிறது. தெரியாததால் வரும் பயம் அது. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் அலுவலகத்தில் மருத்துவர் சான்றையும் ஆதார் நகலையும் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். கூட்டம் அதிகமான மயானங்களில் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அந்த நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்ச் சேருங்கள். கொள்ளிக்குடம் உடைப்பது, வாய்க்கரிசி, கடைசியாக முகம் பார்ப்பது எல்லாம் கட்டடத்துக்கு வெளியே உள்ள மேடையில் நடக்கும். அங்கேயே மாலைகளையும் கனமான துணிகளையும் எடுத்துவிடச் சொல்வார்கள். தாலி, மோதிரம், மூக்குத்தியை அதற்கு முன்பே, வீட்டிலேயே, பொறுப்பான ஒருவர் கழற்றி வாங்கி வைத்துவிடட்டும்.

பிறகு உடலை உள்ளே கொண்டுபோய்த் தண்டவாளத்தில் ஓடும் தட்டில் வைப்பார்கள். கொள்ளி வைப்பவர் நெஞ்சின் மேல் கற்பூரம் ஏற்றுவார். கதவு மேலே எழும், தட்டு உள்ளே நகரும், கதவு மூடும். சில விநாடிதான். அந்தச் சில விநாடி கனமாக இருக்கும். பார்க்க முடியாதவர்கள் வெளியே நின்றுகொள்ளலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முடிய ஒரு மணி நேரத்துக்கு முன்பின் ஆகும். ஒருவருடைய சாம்பலை எடுத்து மேடையைச் சுத்தம் செய்த பிறகுதான் அடுத்தவரை வைப்பார்கள். சாம்பல் மாறிப் போய்விடுமோ என்று சந்தேகம் இருந்தால் வீட்டு ஆள் ஒருவர் அங்கேயே இருந்து வாங்கிக்கொள்ளுங்கள். மண்கலயத்தில் துணி கட்டிக் கொடுப்பார்கள். பால் தெளிக்கும் சடங்கை மறுநாள் வைத்துக்கொள்வதா, கையோடு முடித்துக் கடலிலோ ஆற்றிலோ கரைப்பதா என்பது உங்கள் வசதி.

விறகில் எரித்தால்தான் ஆத்மா சாந்தியடையும் என்கிறார்களே?

ஒரு சிதைக்கு 300 முதல் 500 கிலோ விறகு பிடிக்கும். தென்மாவட்டங்களில் வரட்டியை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே களிமண் பூசி மூடி எரிப்பார்கள். அது இரவு முழுக்க நின்று எரியும், விறகும் குறைவாகப் பிடிக்கும், அனுபவசாலிகளுக்கு மட்டும் கைவந்த வேலை. ஊரில் அந்த ஆட்கள் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். மழைக்காலத்தில் ஈர விறகோடு திண்டாடுவதும், பாதியில் அணைந்து மறுபடி மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பார்க்கிற பிள்ளைகளின் மனத்தில் ஆறாத புண்ணாக நிற்கும். அதைவிட எரிவாயு மேடை எவ்வளவோ கண்ணியமானது. தீயின் புனிதம் எரிபொருளால் மாறாது என்பது என் உறுதியான எண்ணம்.

புதைப்பதென்றால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

குழி ஆறடி ஆழமாவது இருக்க வேண்டும். அவசரத்தில் நாலடியில் நிறுத்திவிடுவார்கள். மழைக்கு மண் அமுங்கும், நாய் தோண்டும். வீட்டு ஆள் ஒருவர் காலையிலேயே போய்க் குழி வெட்டும் இடத்தில் நிற்கட்டும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடங்களில், குறிப்பாக கார்த்திகை மாதத்தில், வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறும். அப்போது வேறு இடம் கேளுங்கள்.

குழி வெட்டுபவருக்குப் பேசிய கூலியைக் கை நிறையக் கொடுங்கள். வெயிலில் ஆறடி மண்ணை வெட்டி எடுத்தவரிடம் அந்த நேரத்தில் பேரம் பேசுவதும், சாதிப் பெயர் சொல்லி அதட்டுவதும் இன்னும் நடக்கிறது. இறந்தவருக்கு நாம் செய்கிற மரியாதையில் இதுவும் சேர்த்திதான்.

மேலே சிமென்ட் கட்டலாமா என்று கேட்பார்கள். பொது மயானத்தில் பெரும்பாலும் அனுமதி இல்லை. மண்மேட்டையே விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் அதே இடத்தில் வேறொருவரைப் புதைப்பார்கள். இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். "அப்பா இங்கேயே இருப்பார்" என்று நம்பிவிட்டுப் பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்து உடைந்துபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். போய் நின்று அழ ஓர் இடம் வேண்டும் என்பதுதான் புதைக்கக் காரணம் என்றால், அந்த இடம் எத்தனை ஆண்டு உங்களுடையது என்பதுதான் முதல் கேள்வி.

சொந்தத் தோட்டத்தில் புதைக்கலாமா?

தாத்தா காலத்தில் செய்தார்கள். இப்போது கூடாது. தமிழ்நாடு கிராம ஊராட்சிகளுக்கான 1999ஆம் ஆண்டு மயான விதிகள், குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் புதைப்பதைத் தடை செய்கின்றன. ஒதுக்கப்பட்ட மயானம் இருக்கும்போது வேறு இடத்தில் புதைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் புகார் கொடுத்தால் உடலைத் தோண்டி எடுக்கும் நிலை வரலாம். அதைவிடக் கொடுமை கிடையாது.

சத்தீஸ்கரில் ஒரு போதகரின் மகன், தந்தையை ஊர் மயானத்திலோ சொந்த நிலத்திலோ புதைக்க அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 ஜனவரி 27 அன்று இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட கருத்துச் சொன்னார்கள். ஆனாலும் மேலும் இழுக்கக் கூடாது என்று, 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் செய்ய உத்தரவிட்டார்கள். அதுவரை மூன்று வாரத்துக்கு நெருக்கமாக உடல் பிணவறையில் கிடந்தது.

எங்கள் ஊர் மயானத்தில் இடம் தர மறுத்தால்?

சாதியைக் காரணம் காட்டி மறுப்பதும் பாதையை மறிப்பதும் குற்றம். வாக்குவாதத்தில் இறங்காமல் தாசில்தாருக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே சொல்லுங்கள். கண்ணியமான இறுதி நிகழ்வு அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமைக்குள் வரும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஒரே ஊருக்கு இரண்டு சுடுகாடு இருக்கும் வெட்கம் இன்னும் தீரவில்லை. எரிவாயு தகனமேடைகள் பரவியதில் நான் மனம் நிறைந்து வரவேற்பது இதைத்தான்: அங்கே எல்லோருக்கும் ஒரே கதவு.

செலவு எதில் குறைவு?

எரிவாயு மேடையில். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், மயான வாசலில் பலகை இருக்கும். அதில் உள்ளதை மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை வீட்டுக்குக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி உண்டு. உண்மையில் பணம் போவது பூப்பல்லக்கு, பந்தல், பட்டாசு, மேளம், பதினாறாம் நாள் விருந்து இவற்றில்தான். வட்டிக்கு வாங்கி இவற்றைச் செய்ய வேண்டாம்.

என்னென்ன தாள்கள் வேண்டும்?

இறப்புக் காரணம் குறித்த மருத்துவர் சான்று. மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்தால் சிகிச்சை பார்த்த மருத்துவர் தரும் படிவம் 4ஏ. வயதானவர்கள் வீட்டில் இருந்தால், இரவில் கூப்பிட்டாலும் வந்து சான்று தரக்கூடிய மருத்துவர் யார் என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடிந்துவிடும், அதற்கு மேல் அலைச்சல்தான். சொந்த ஊர் எதுவாக இருந்தாலும் இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு. கிராமத்தில் வி.ஏ.ஓ.வைக் கேளுங்கள். மயானத்தில் கொடுக்கும் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், புதைத்தாலும் எரித்தாலும் அது பின்னால் கேட்கப்படும்.

விபத்து, தற்கொலை, சந்தேகத்துக்குரிய மரணம் என்றால்?

காவல்துறைக்குச் சொல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. பிரேதப் பரிசோதனை முடிந்து எழுத்தில் அனுமதி கிடைத்த பிறகுதான் உடலை எடுக்க வேண்டும். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு.

குடும்பத்தில் ஒருவருக்காவது மரணத்தில் ஐயம் இருந்தால், வழக்கம் எதுவாக இருந்தாலும் புதையுங்கள். நிர்வாக நடுவரின் உத்தரவோடு தோண்டி எடுத்து மறுபரிசோதனை செய்ய முடியும். எரித்துவிட்டால் எல்லாக் கதவும் மூடிவிடும். "சீக்கிரம் எரிச்சுடலாம்" என்று ஒரு தரப்பு மட்டும் அவசரப்படுத்தினால், அந்த அவசரத்துக்கே காரணம் கேளுங்கள்.

அப்பாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது.

இதயத் துடிப்பைச் சீராக்கும் அந்தக் கருவியை, எரிப்பதானால் முன்பே எடுத்தாக வேண்டும். அதன் பேட்டரி சூட்டில் வெடிக்கும், மேடையும் சேதமாகும், ஊழியருக்கும் ஆபத்து. மருத்துவமனையிலேயே சொன்னால் சில நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். புதைப்பதானால் அப்படியே விடலாம். முழங்கால், இடுப்பு மாற்று உலோகங்கள் பிரச்சினை இல்லை.

மகள் கொள்ளி வைக்கலாமா? வைத்தவருக்குத்தான் சொத்து என்கிறார்களே?

தாராளமாக வைக்கலாம், மயானத்துக்கும் வரலாம். தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. வயதான காலத்தில் யார் மலம் அள்ளி, மருந்து கொடுத்துப் பார்த்தாரோ அவர் கையால் அந்தத் தீ விழுவதைவிடப் பொருத்தம் ஏது?

சொத்துக்கும் கொள்ளிக்கும் தொடர்பே இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சடங்கைப் பார்ப்பதில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் சட்டமாக்கினார்கள். கொள்ளி வைத்த பங்காளி மகனுக்கு அதனால் ஒரு சென்ட் நிலம்கூடக் கூடுதலாக வராது. "ஆண் வாரிசு இல்லையே" என்று சாவு வீட்டில் பங்காளிகள் முன்னால் வந்து நிற்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

தொற்று நோயில் இறந்தால் எரித்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. கொரோனா காலத்திலேயே மத்திய சுகாதாரத் துறையும் உலக சுகாதார நிறுவனமும் இரண்டையும் அனுமதித்தன. ஆனால் பயம் விதியை மீறியது. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரைச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்யக் கூட்டம் விடவில்லை, வேலங்காடு மயானத்துக்குக் கொண்டுபோனபோது தாக்கவே செய்தது, பிறகு நள்ளிரவில் அங்கேயே அவசர அவசரமாகப் புதைத்தார்கள். அதன் பிறகு அடக்கத்தைத் தடுப்பவர்களுக்குச் சிறைத் தண்டனை என்று தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

இலங்கையில் நடந்தது இன்னும் கொடியது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த அனைவரையும் எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி (அரசிதழ்) வெளியிட்டார்கள். பிறந்து 20 நாளே ஆன முஸ்லிம் குழந்தையைக்கூட எரித்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் உத்தரவு மாறியது, மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் ஒதுக்கினார்கள். 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிப்பதா புதைப்பதா என்பதை அரசு தீர்மானித்தால் ஒரு சமூகத்துக்கு எவ்வளவு ஆழமாகக் காயம் படும் என்பதை அந்தப் பெற்றோரைக் கேட்டால் தெரியும்.

கண் தானம், உடல் தானம் செய்தால்?

கண் தானத்துக்கும் இந்தக் கேள்விக்கும் முரண் இல்லை. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். முகம் விகாரமாகாது. பிறகு புதைக்கலாம், எரிக்கலாம்.

உடல் தானம் மூன்றாவது வழி. அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் பதிவு செய்யலாம். பிரேதப் பரிசோதனை செய்த உடலையும் சில தொற்று உள்ள உடலையும் வாங்க மாட்டார்கள், எனவே மாற்று ஏற்பாடும் யோசித்து வையுங்கள். மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்தவர்களுக்கு 2023 முதல் தமிழ்நாட்டில் அரசு மரியாதை உண்டு.

பிள்ளைகள் வெளிநாட்டில். எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

ஐஸ் பெட்டியில் ஒன்றிரண்டு நாள். அதற்கு மேல் என்றால் மருத்துவமனைப் பிணவறையில் வைப்பதே நல்லது. மின்தடை வந்தால் என்ன செய்வது என்று பெட்டிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறந்தவரே வெளிநாட்டில் இருந்தால் எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துவது) சான்று, இந்தியத் தூதரகத்தின் அனுமதி, ரத்து செய்த பாஸ்போர்ட், அந்நாட்டு இறப்புச் சான்று எல்லாம் சேர வேண்டும். அங்கேயே எரித்துச் சாம்பலைக் கொண்டுவருவது எளிது. ஆனால் சவூதி அரேபியாவில் எரிக்க வழியில்லை. சிங்கப்பூரில் புதைத்தால் அந்த இடம் 15 ஆண்டுக்குத்தான். அதன் பிறகு எலும்புகளை எடுத்துவிடுவார்கள், மதம் அனுமதிப்பவர்களுக்கு எரியூட்டிவிடுவார்கள்.

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது?

பெட்டியும் எம்பாமிங்கும் சிமென்டும் இல்லாமல், துணியில் சுற்றிப் புதைப்பதுதான் மண்ணுக்கு இணக்கமானது. நெருக்கடியான நகரத்தில் அதற்கு இடமில்லை என்பதால் எரிவாயு அடுத்தது. எதைச் செய்தாலும் பிளாஸ்டிக் மாலை, தலையணை, மருந்து பாட்டில் இவற்றைக் குழியிலோ ஆற்றிலோ போடாதீர்கள்.

குறைமாதத்தில் இறந்த குழந்தைக்கு என்ன செய்வது?

புதைப்பதுதான் வழக்கம். மருத்துவமனையே பார்த்துக்கொள்ளும் என்று அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தாய் மயக்கம் தெளிந்து முகம் பார்க்க விரும்பலாம், அவளைக் கேளுங்கள். எங்கே புதைத்தோம் என்பதை அவளிடம் மறைக்க வேண்டாம்.

என் விருப்பத்தை எப்படி எழுதி வைப்பது?

வெள்ளைத் தாள் போதும். ஒரு மாதிரி:

"நான் இறந்தால் முதலில் கண்களைத் தானம் செய்யுங்கள். உடலை எரிவாயு தகனமேடையில் எரியுங்கள். என் நெஞ்சில் பேஸ்மேக்கர் இல்லை. கொள்ளியை மூத்த மகள் வைக்கட்டும். சாம்பலை ஊர் ஆற்றில் கரைத்தால் போதும், தண்ணீர் இல்லாவிட்டால் நம் தோப்பில் தென்னை அடியில் போடுங்கள். காரியத்தை ஒரே நாளில் முடியுங்கள், விருந்து வேண்டாம். சந்தேகம் வந்தால் தம்பி சொல்வதைக் கேளுங்கள்."

தேதி, கையெழுத்து, சாட்சியாக இரண்டு பேர். பேங்க் லாக்கரில் வைக்காதீர்கள், அதைத் திறக்கும்போது கருமாதியே முடிந்திருக்கும். ஒரு நகல் வீட்டில் உள்ளவரிடம், இன்னொன்று வெளியில் உள்ள நம்பிக்கையான ஒருவரிடம். எண்ணம் மாறினால் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி, அதே இரண்டு பேரிடமும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.